செவ்வாய்க்கிழமை எதிராளி

தண்ணீரில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
மரமில்லாத மலை என்று
வேலூரைப் பழிப்பார்கள்.
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்:
லிஸ்ட்டில் இல்லாத ஆட்டக்காரன்.

பெயர் முதஸ்ஸிர்.
பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்.
குடியாத்தம் வரைக்கும் நின்றபடி,
அப்புறம் சீட் கிடைத்தால் தூக்கம்.
ஆறு மணிக்கு ஹாஸ்டலிலிருந்து
நாங்கள் கொட்டாவியோடு இறங்கி வரும்போது
கோன்களை அடி அளந்து
வைத்து முடித்திருப்பான்.

நான் ஸ்போர்ட்ஸ் கோட்டா.
ஃபீஸ் கிடையாது, ரூம் உண்டு.
காலையில் இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால்,
அதற்கொரு மஞ்சள் டோக்கன்.
அவனுக்கு டோக்கன் இல்லை.
யாரும் அவனைக் கூப்பிடவில்லை.
முதல் வருஷம் ஒரு நாள்
கோட்டுக்கு வெளியே நின்றிருந்தான்.
பந்து அவன் பக்கம் உருண்டது.
திருப்பி உதைத்தான்.
சேர்ந்தது அப்படித்தான்.
போகச் சொல்ல
யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கோச் அவனுக்குக் கொடுத்த வேலை விநோதமானது.
அடுத்த ஆட்டம் யாரோடோ
அவர்களுடைய சூரன் எவனோ
அவனாக இவன் மாறவேண்டும்.
ஒரு வாரம் திருச்சிக்காரனின் இடது கால்.
ஒரு வாரம்
தலையால் முட்டியே கோல் போடும் தூத்துக்குடி நெட்டை.
ஐந்தடி நாலங்குலத்தில் நெட்டையாவது எப்படி?
ஆனான்.
எங்களுக்கு அரை நொடி முன்னால் எம்பினான்,
அவ்வளவுதான்.
யாரோ போனில் எடுத்த ஆட்டத்தை
பஸ்ஸில் ஓட்டி ஓட்டிப் பார்த்து
அடுத்தவன் தோளை மனப்பாடம் செய்துகொண்டு வருவான்.

உன்னோட ஆட்டம் எது என்று
ஒருமுறை கேட்டேன்.
"அதுக்கு எந்த வாரம் காலியா இருக்கு?" என்றான்.

அவனை நான் உதைத்திருக்கிறேன்.
பந்து போன பிறகும்.
லிஸ்ட்டில் இல்லாதவனுக்கு வலித்தால்
எந்த ரெஜிஸ்டரில் எழுதுவார்கள்?
நொண்டிக்கொண்டே திரும்பி நடந்து
மறுபடியும் அதே இடத்திலிருந்து
அதே வேகத்தில் வந்தான்.
அதுதான் எனக்குப் பொறுக்காது.

என் பூட்ஸ் வாயைப் பிளந்தபோது
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.
சாயங்காலம் அவன் வேலை பார்ப்பது ஷூ கம்பெனியில்.
மறுநாள் ஒட்டி, தைத்துக் கொண்டுவந்தான்.
சொல்யூஷன் வாசனை ஒரு வாரம் போகவில்லை.
காசு நீட்டினேன்.
மஞ்சள் டோக்கன் ஒன்று கேட்டான்.
அன்றைக்கு அவன் முட்டைக்கு உப்புப் போட்டதை
ஏனோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபைனல். எங்கள் மைதானம்.
மே மாத வெயிலில் தரை ஓடாகக் காய்ந்திருந்தது.
கோயம்புத்தூரின் பதினொன்றாம் நம்பர்
இதுவரை யாரும் தடுக்காதவன்,
எழுபதாவது நிமிடத்தில்
என்னை நோக்கி வந்தான்.
வலது தோளைத் தாழ்த்தினான்.
என் கால் யோசிக்கவில்லை.
அது செவ்வாய்க்கிழமையே யோசித்துவிட்டது.
பந்து இடது பக்கம் வந்தது,
நான் அங்கே ஏற்கெனவே இருந்தேன்.
நாலு தடவை வந்தான்.
நாலு தடவையும் இருந்தேன்.

பெனால்டியில் தோற்றோம்.
கோப்பை கோயம்புத்தூர் வேனில் ஏறியது.

போகிறபோது பதினொன்று கை கொடுத்தான்.
"நான் எந்தப் பக்கம் போவேன்னு எப்படித் தெரிஞ்சுது?"
"நீ அப்படியே எங்க முதஸ்ஸிர் மாதிரி ஆடற."
பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.
பாராட்டுதான்.
"அவர் எந்த டீம்?"
"எல்லா டீமும்."

கயிற்றுக்கு அந்தப் பக்கம்
புழுதியில் உட்கார்ந்திருந்தான்.
பதினெட்டுப் பேரில் பெயர் கிடையாது,
இறக்கமாட்டார்கள் என்று
காலையிலேயே தெரியும்.
ஏழரை பஸ்ஸுக்கு நேரமாகிறது.
பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
லேஸ் லேசில் அவிழவில்லை.
இரட்டை முடிச்சு.